நெய்யூரில் இறங்கிய மலையேறி

பத்மநாபபுரம் அரண்மனைக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலோர் பூமுகத்து மரவேலையையும் நவராத்திரி மண்டபத்தையும் பார்த்துவிட்டு மதியத்துக்குள் கன்னியாகுமரிக்கு வண்டியேறிவிடுகிறார்கள். அவர்களால் ஊருக்கு நஷ்டமில்லை. நுழைவுக் கட்டணத்துக்கு மேல் பெரிய லாபமும் இல்லை. அந்தக் கட்டணம்கூடக் கேரளத் தொல்லியல் துறைக்குத்தான் போகிறது. 1956-ல் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனையின் நிர்வாகம் சேரவில்லை.

உலகெங்கும் இன்று பெருகிவருவது இன்னொரு வகைப் பயணம். கையில் ஒரு தொழில் வைத்திருப்பவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஊரும் பார்க்க வேண்டும், தெரிந்த தொழிலால் நாலு பேருக்கு உதவவும் வேண்டும், திரும்பும்போது பயோடேட்டாவில் சொல்லிக்கொள்ள ஒரு வரியும் கிடைக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஏழை நாடுகளுக்கு அனுப்பிவைப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களும் உண்டு, கைதட்டுபவர்களும் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், அரண்மனையை ஒட்டிய தக்கலையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தொலைவில் இருக்கும் நெய்யூர் ஆஸ்பத்திரியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

1922-ல் எவரெஸ்ட்டில் ஏற முயன்ற பிரிட்டிஷ் குழுவில் டி. ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்தவர். 1922 ஜூன் 7-ம் தேதி எவரெஸ்ட்டில் ஏற்பட்ட பனிச்சரிவில் ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேருமே சுமை தூக்க வந்தவர்கள். வெள்ளைக்காரர் ஒருவரும் சாகவில்லை என்பது சோமர்வெல்லை நெடுநாள் உறுத்தியது. பயணம் முடிந்ததும் மிச்சமிருந்த பணத்தில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், தெற்கே லண்டன் மிஷனரி சங்கம் நடத்திவந்த நெய்யூர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். கூட்டம் கூட்டமாக நோயாளிகள் காத்திருக்க, டாக்டர் பியூ என்பவர் ஒற்றை ஆளாகத் திணறிக்கொண்டிருந்தார். ஊர் திரும்பிய சோமர்வெல், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் காத்திருந்த பதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1923-ல் நெய்யூருக்கே வந்துவிட்டார். மலையை மட்டும் விடவில்லை. அடுத்த ஆண்டே மறுபடி எவரெஸ்ட்டுக்குப் போய், ஆக்சிஜன் உருளை இல்லாமல் 28,000 அடி உயரம்வரை ஏறி, திரும்பி வந்து கத்தியைக் கையில் எடுத்தார். 1940-கள் வரை நெய்யூர், பிறகு 1949 முதல் வேலூர் சி.எம்.சி.யில் ஆசிரியப் பணி என்று வாழ்க்கையின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார்.

பயணம், சேவை, தொழில் வளர்ச்சி மூன்றும் ஒருவரிடம் கூடிவந்ததற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைப்பது கடினம். ஆகவே இதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பிரித்துப் பார்க்கலாம்.

அவர் வெறும் நிலத்தில் வந்து இறங்கவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். நெய்யூரில் மருத்துவப் பணி 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சேயோடு தொடங்கியது. 1860-களில் டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்க வகுப்பே நடத்தினார். சோமர்வெல் வந்தபோது கட்டிடம் இருந்தது, பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள், என்ன குறைகிறது என்று சொல்லத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். தேவைப்பட்டது இன்னொரு அறுவை மருத்துவர். வந்தவரும் அறுவை மருத்துவரே. இன்றைய திட்டங்களில் பலவும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் வருகிறவரின் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப ஏழைகளைத் தேடுகின்றன.

தொழில் வளர்ச்சி என்ற விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. சேவை செய்கிறவர் அதனால் எதுவும் அடையக்கூடாது என்று எதிர்பார்க்கிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை. அரிசியும் மரச்சீனிக் கிழங்கும் காரமும் உண்டு வாழ்ந்த தென் திருவிதாங்கூரில் குடற்புண் மிகச் சாதாரண நோய். லண்டனில் ஒரு மருத்துவர் ஆயுள் முழுக்கப் பார்த்திருக்க முடியாத அளவு நோயாளிகளை சோமர்வெல் இங்கே பார்த்தார். டாக்டர் ஆர் என்பவரோடு சேர்ந்து, நெய்யூர் நோயாளிகளைக் கொண்டு எழுதிய ஆய்வு 1936-ல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் வந்தது. இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றிய அவருடைய நூல் 1948-ல் வெளியானது. தென் திருவிதாங்கூர் வயிறுகள் அவரை நிபுணராக்கின. அந்த நிபுணத்துவம் கப்பலேறிப் போய்விடாமல் அதே வயிறுகளுக்குத் திரும்பி வந்தது என்பதுதான் முக்கியம். பிறகு வேலூரில் இந்திய மாணவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருவர் நம் ஊரில் கற்றுக்கொள்வதை ஆட்சேபிக்க வேண்டியதில்லை. கற்றது யாரிடம் போய்ச் சேருகிறது என்று கேட்டாலே போதும்.

இனி மறுபக்கம். கத்திக்கு முன் படுத்தவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை. அவர்களுடைய உடம்பை வைத்து ஆய்வு எழுதுவதற்கு இன்றைய பொருளில் ஒப்புதல் கேட்கும் வழக்கமும் அந்தக் காலத்தில் இல்லை. மருந்தோடு மதமும் வந்தது. காத்திருந்த நோயாளிகளின் காதில் பிரசங்கமும் விழுந்தது. சோமர்வெல் தம்மை மிஷனரி என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர், அந்த நேர்மையை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நோவில் துடிப்பவர் எழுந்து போக முடியாது. இன்னொன்றும் உண்டு. உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே, தலைமைப் பொறுப்பு மட்டும் நெடுங்காலம் பெரும்பாலும் ஐரோப்பிய மருத்துவர்களின் கையிலேயே சுழன்றுகொண்டிருந்தது. ஆள் பற்றாக்குறை இதற்குப் பாதிக் காரணம். மீதிக் காரணம் சாம்ராஜ்யம்.

1968-ல் சிந்தனையாளர் இவான் இல்லிச், மெக்சிகோவுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில் பேசினார். பார்க்கவும் கற்கவும் வருவதானால் வாருங்கள், உதவுகிறேன் என்று மட்டும் வராதீர்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். மொழிகூடத் தெரியாமல் ஒரு கிராமத்துக்கு என்ன நன்மை செய்துவிட முடியும் என்று கடுமையாகக் கேட்டார். மலை ஏற வந்து உதவத் தங்கிவிட்ட சோமர்வெல் இதற்கு நேர் எதிரான ஆள். அவர் தமிழ் கற்றுக்கொண்டவர், ஆகவே மொழி பற்றிய குற்றச்சாட்டு அவர்மேல் ஒட்டாது. யாருக்கு யார் உதவுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஒட்டும்.

மொழி விஷயத்தில் இல்லிச்சின் பக்கம்தான் நான். தொழில் தெரிந்தால் போதும் என்பது பாதி உண்மை. சில தொழில்கள் பேச்சில்லாமலும் ஓரளவு நடக்கும், சில நடக்கவே நடக்காது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கைக்கு வந்து குவிந்த மனநல ஆலோசகர்களில் பலருக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. பட்டம் பெற்றவர்கள்தான், நல்லெண்ணத்துக்கும் குறைவில்லை. ஆனால் கணவனையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்த ஒரு பெண் எப்படித் துக்கம் காப்பாள், யாரிடம் அழுவாள் என்பதை மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்வித்தாள் நிரப்பி அறிந்துவிட முடியாது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வார ஆசிரியராக வருகிறவர் கதையும் இதுதான். ஒவ்வொருவரும் ‘மை நேம் இஸ்’ஸில் தொடங்குகிறார். பாடம் சூடு பிடிக்கும்போது விமான நாள் வந்துவிடுகிறது. அடுத்தவர் வந்து மறுபடி ‘மை நேம் இஸ்’. பிள்ளைகளுக்குத் தங்கள் பெயரைச் சொல்வதில் அபாரத் தேர்ச்சி வந்துவிடும்.

அறுவையில் ஆபத்து இன்னும் கூடுதல். தையல் போட்டவர் போன பிறகுதான் புண் சீழ் பிடிக்கும். அனாதை விடுதிகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. வெளிநாட்டு விருந்தாளிகளின் கருணையை நம்பி, பெற்றோர் உள்ள பிள்ளைகளையே விடுதிகளில் சேர்க்கும் வியாபாரம் கம்போடியாவிலும் நேபாளத்திலும் அம்பலமாகி, 2017-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழுவே அதை விசாரித்தது. இந்த வகைத் தொண்டை முழுதாக நிறுத்திவிடலாம்.

கற்றதைக் கழற்றி வைக்கத் தெரிந்தவர்களும் வந்திருக்கிறார்கள். 1945-ல் தொழுநோய் மருத்துவமனைகள் கட்ட இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், தாம் படித்த பாடங்கள் இமயமலைக் கிராமத்தில் உதவாது என்று கண்டுகொண்டு, அங்கிருந்த கொத்தனார்களிடம் கற்றார். பின்னால் திருவனந்தபுரத்தில் குறைந்த செலவு வீடுகளால் பெயர் பெற்றவர் அந்த மாணவர்தான்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து நடக்கிறது. குமரி மாவட்டத்திலிருந்து நர்சுகள் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போகிறார்கள். தக்கலைப் பெண் ஒருத்தி பிரிட்டிஷ் மருத்துவமனையில் ஊசி போட வேண்டுமானால் ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வை எழுத வேண்டும், கணினித் தேர்வில் தேற வேண்டும், பிறகு அங்கே போய் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் நோயாளிபோல் நடிப்பவரை வைத்துச் செய்து காட்ட வேண்டும். தவறில்லை, அந்த ஊர் தன் நோயாளிகளைக் காக்கிறது. அதே ஊரிலிருந்து இங்கே தொண்டு செய்ய வருகிறவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? வெளிநாட்டு மருத்துவர் இங்கே சிகிச்சை செய்யத் தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிக அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இ-டூரிஸ்ட் விசாவில் சம்பளமில்லாத் தொண்டு ஒரு மாதம்வரைதான் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் வரவேற்கும் பள்ளியும் விடுதியும் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து மாலை போடும்போது இந்த விதிகளை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு மாதம் குறைவா என்றால், வேலையைப் பொறுத்தது. பழுதாகி மூலையில் கிடக்கும் ஸ்கேன் கருவியைச் சரிசெய்து, இங்குள்ள டெக்னீஷியன் இருவருக்கு அதைப் பழக்கிவிட ஒரு மாதம் போதும். மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் பூச்சி அரிக்கும் முன் படமெடுத்து ஒழுங்குபடுத்தும் முறையைக் கற்றுக்கொடுக்கவும் போதும். குழந்தைகளோடு பழகுவதற்கும் நோயாளியை அறுப்பதற்கும் போதாது. இந்தப் பிரிவினையை அனுப்புகிற நிறுவனம் செய்யாது, அதன் வருமானம் தலைக்கணக்கில் வருகிறது. வரவேற்கிற இடம்தான் செய்ய வேண்டும். வேலை இன்னது, காலம் இவ்வளவு, போன பிறகு பொறுப்பு இன்னாருடையது என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும், பொருந்தாதவரைத் திருப்பி அனுப்பவும் வேண்டும்.

அரண்மனை விஷயத்தில் கணக்கு வேறு. 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கும் அந்தக் கட்டிடத்தின் கூரைக் கழிகளையும் மரப்பூட்டுகளையும் பற்றி, தொழில் தெரிந்த ஆசாரிக்குச் சொல்லித்தர ஐரோப்பியப் பட்டதாரியிடம் அதிகமில்லை. அவர் இங்கே வருவதானால் தொண்டராக அல்ல, மாணவராக வரட்டும். அதற்குக் கட்டணம் வாங்கலாம், ஆள் அனுப்பும் நிறுவனத்தின் கணக்கில் அல்ல, உளியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசாரியின் கையில்.