டபிள் என்ற ஒரு சொல்

சீட்டாட்டப் புத்தகத்தையெல்லாம் இலக்கிய விமரிசனத்தில் சேர்ப்பதா என்று என் நண்பர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். எஸ். ஜே. ஸைமன் 1945ல் எழுதிய 'வொய் யூ லூஸ் அட் பிரிட்ஜ்' என்ற புத்தகத்தை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். மூன்று தடவையும் நாவலாகத்தான் படித்தேன். ஸைமன் நாவலாசிரியரும்கூட. காரில் பிராம்ஸ் என்ற பெண்மணியோடு சேர்ந்து நகைச்சுவை நாவல்கள் எழுதியவர். பாலே நடன உலகத்தில் நடக்கும் கொலையை வைத்து 1937ல் அவர்கள் எழுதிய கதைக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் மனிதர்களைப் படைப்பதில் அவருடைய கை தேர்ந்திருப்பது இந்தச் சீட்டுப் புத்தகத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

நாலு பேர் அதில் வருகிறார்கள். தன்னைப் பற்றி அபார திருப்தியுள்ள மிஸ்டர் ஸ்மக். ஆட்டம் சரியாக வராத திருமதி கூகன்ஹைம். அரைகுறையாகக் கற்ற நுணுக்கங்களை வேளை கெட்ட வேளையில் எடுத்துவிடும் ஃப்யூட்டில் வில்லி. நாலாவது ஆள், அதிர்ஷ்டமில்லாத நிபுணர். நால்வரிலும் நன்றாக ஆடுகிறவர் இவர்தான், ஆனாலும் தோற்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சீட்டில் இருக்கும் உச்சபட்ச லாபத்துக்கு ஆசைப்படாதே, இந்தக் கூட்டாளியை வைத்துக்கொண்டு எது கிடைக்குமோ அதை வாங்கு என்பதுதான் ஸைமனுடைய உபதேசம். லண்டனில் பிறந்த ஏக்கால் என்ற ஏல முறையை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். முறை வகுத்தவரே முறைப் பைத்தியங்களைக் கேலி செய்வதில் ஒரு ருசி இருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். பிரிட்ஜ் ஏலம் ஒரு சம்பாஷணை. எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும் கூட்டாளிகள் தங்கள் பதின்மூன்று சீட்டைப் பற்றிப் பதினைந்தே சொற்களில் பேசிக்கொள்ள வேண்டும்: ஒன்று முதல் ஏழு வரை எண்கள், நாலு ஜாதி, நோ டிரம்ப், பாஸ், டபிள், ரீடபிள். எதிர்க்கட்சி வாய் திறக்காத வரை பேச்சு ஒழுங்காக நடக்கும். கூட்டாளி ஒரு இஸ்பேடு என்கிறார்; உடனே பக்கத்திலிருப்பவர் இரண்டு ஆட்டின் என்று குறுக்கே விழுகிறார். இப்போது ஒரு நோ டிரம்ப், இரண்டு கிளாவர், இரண்டு டைமன் என்று நான் சொல்லியிருக்கக்கூடிய மூன்றும் போய்விட்டன. பதிலுக்கு ஒன்று கிடைக்கிறது. எதிரி பேசியதால் மட்டுமே டபிள் என்ற சொல் எனக்குச் சொந்தமாகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் வம்பு.

ஸைமன் எழுதிய நாளில் அந்த இடத்தில் டபிள் என்றால் அநேகமாக ஒரே அர்த்தம்: 'ஆடு பார்க்கலாம், உன்னைத் தோற்கடிக்கிறேன்.' 1957ல் ஆல்வின் ராத், டோபியாஸ் ஸ்டோன் என்ற அமெரிக்க ஜோடி அதைத் தலைகீழாக்கியது. 'எனக்குக் கொஞ்சம் பலம் இருக்கிறது, சொல்ல வழியில்லை. பேசாத ஜாதிகளில் ஒன்றை நீ சொல்' என்று அர்த்தம் வைத்தார்கள். ரஷ்யா ஸ்புட்னிக்கைப் பறக்கவிட்ட வருஷம். அதனால் ஸ்புட்னிக் டபிள் என்று பெயர் வந்தது. இன்று போட்டிகளில் ஆடுகிறவர்கள் அநேகமாக எல்லாருமே இப்படித்தான் ஆடுகிறார்கள்.

என் மைத்துனர் அப்படி ஆடுகிறவர் அல்ல. ஆட்டத்தைத் தன் தகப்பனாரிடம் கற்றவர். தகப்பனார் 1930களின் கல்பர்ட்ஸன் புத்தகங்களில் கற்றவர். பதினாறு வருஷமாக எனக்கு அவர்தான் கூட்டாளி. ஸ்புட்னிக் டபிளைப் பற்றி நான் படித்த அந்த வாரமே, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மேஜையில் அதை எடுத்துவிட்டேன். மேலே சொன்ன அதே ஏலம்தான். என்னிடம் ஆட்டினில் இரண்டு பொடிச் சீட்டு. டைமனும் கிளாவரும் கை நிறைய. டபிள் என்றேன். அவர் மலர்ந்த முகத்தோடு பாஸ் சொன்னார். எதிரிகள் எட்டுப் பிடியையும் எடுத்துக்கொண்டார்கள். சும்மா விட்டிருந்தால் அவர்களுக்கு அறுபது புள்ளி. கேமுக்கு நூறு வேண்டும். என் டபிளின் புண்ணியத்தில் நூற்றிருபது. கேமும் போயிற்று, ரப்பரும் போயிற்று.

"மாப்பிள்ளை, ஆட்டின் உங்கள் கையில் இருக்கிறது என்றுதானே டபிள் சொன்னீர்கள்?" என்றார். நான் புது முறையை விளக்கினேன், கொஞ்சம் உரத்த குரலில், எதிரிகளுக்கும் காது கேட்கும்படி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வாரம் ஆட்டத்துக்கு வரவில்லை. இரண்டாவது வாரம் என் மனைவி, "அண்ணாவை என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டாள்.

அந்த நாட்களில்தான் ஸைமனை மூன்றாம் தடவை எடுத்தேன். முன்னெல்லாம் நான் அந்த அதிர்ஷ்டமில்லாத நிபுணர் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருந்தேன். இந்தத் தடவை பக்கத்துக்குப் பக்கம் ஃப்யூட்டில் வில்லி என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

ஆனால் ஸைமனிடம் எனக்கு ஒரு குறையும் தென்பட்டது. அவருடைய நாலு பேரும் சீட்டு இழுத்துக் கூட்டாளியைத் தேர்கிறவர்கள். ரப்பருக்கு ரப்பர் ஆள் மாறும். ஆகவே அவர் கூட்டாளியை மழை மாதிரி பாவிக்கிறார். வந்தால் குடை பிடி. மழையோடு பேசுகிறவர் உண்டா? திருமதி கூகன்ஹைமைப் பார்த்து நாமும் சிரிக்கிறோம். 'இந்தச் சொல்லுக்கு நீங்கள் என்ன அர்த்தம் வைத்திருக்கிறீர்கள்?' என்று அவளை உட்கார்த்திவைத்துக் கேட்பதில் ஆசிரியருக்கு அக்கறையில்லை. கேட்டிருந்தால் பாதி நகைச்சுவை போயிருக்கும், வாஸ்தவம். ஆனால் வருஷக்கணக்கில் ஒரே முகத்தைப் பார்த்து ஆடுகிறவனுக்கு அவருடைய புத்தி பாதி தூரந்தான் வருகிறது. எந்த அர்த்தம் உயர்ந்தது என்பது அங்கே இரண்டாம் பட்சம். பழைய அர்த்தத்திலேயே இருவரும் ஆடியிருந்தால் நான் பாஸ் சொல்லியிருப்பேன்; அறுபதோடு போயிருக்கும். பாத்திரங்களை இத்தனை கூர்மையாகப் பார்த்தவர் இரண்டு பேருக்கு நடுவில் இருப்பதைப் பார்க்காமல் விட்டது எனக்கு ஏமாற்றந்தான்.

மூன்றாவது வாரம் நானே அவர் வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டோம்: ஒரு இஸ்பேடு, இரண்டு ஆட்டின், டபிள் — புது அர்த்தம். அவர் நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் ஒப்புக்கொண்டார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி மாப்பிள்ளை, அவன் மூன்று ஆட்டின் என்று குதித்தால்?" என்றார்.

அதை நான் யோசித்திருக்கவில்லை.