திருப்திக்கு எத்தனை மார்க்?

மனுஷன் சந்தோஷமா இருக்கானா என்று அதிகாரம் எப்போது விசாரிக்கிறது? ஜெர்மனியின் சமூகப் பொருளாதாரக் குடும்ப ஆய்வு 1984இலிருந்து ஆண்டுதோறும் விசாரித்துவருகிறது. பூஜ்யம் என்றால் துளியும் திருப்தியில்லை. 10 என்றால் முழுத் திருப்தி. துருக்கி, இத்தாலி, கிரேக்கம், ஸ்பெயின், யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த 'விருந்தாளித் தொழிலாளர்' குடும்பங்களும் முதல் ஆண்டிலிருந்தே இதில் உண்டு.

விருந்தாளி என்ற சொல்லிலேயே அரசியல் இருக்கிறது. விருந்தாளி திரும்பிப் போகவேண்டியவர். போகிறவனுக்குப் பாஷை எதுக்கு? துருக்கியோடு ஒப்பந்தம் போட்டது 1961இல். ஆளெடுப்பை நிறுத்தியது 1973இல். குடியேறியவருக்கு மொழிவகுப்பைச் சட்டப்படி உரிமையாகவும் கடமையாகவும் ஆக்கியதோ 2005இல். இடையே 44 வருஷம். அப்போதும் தஞ்சம் கேட்டுக் காத்திருந்தவர்கள் வெளியேதான் நின்றார்கள்.

வகுப்பின் பொதுவடிவத்தில் மொழிக்கு 600 பாடவேளை. சட்டம், வரலாறு, பண்பாடு பற்றிய பகுதி 2016இல் 100 ஆக உயர்ந்தது. இது வீண் என்று சொல்ல வரவில்லை. தன் உடம்பின் நோவை டாக்டரிடம் சொல்லப் பத்து வயசு மகளைக் கூட்டிப்போகும் தாய்க்கு, தன் வாயாலேயே சொல்ல முடிவது விடுதலைதான். நம் கேள்வி வேறு. அங்கே கற்றுக்கொடுப்பது மொழியையா, அவரவர் நிற்கவேண்டிய இடத்தையா? படிக்கப் படிக்கத்தான் தெரியவரும்: கூலி குறைவு, பெயரைப் பார்த்தே வீடு மறுக்கிறார்கள் என்று. நேற்று 7 போட்டவர் இன்று 5 போடலாம். அளவுகோல் இதைக் கல்வியின் தோல்வி என்று வாசிக்கும். நமக்கோ கல்வி தொடங்குவதே இங்கேதான்.

முதியோர் கல்வி என்றதும் எல்லோரும் உச்சரிக்கும் பாவ்லோ ஃப்ரெய்ரேயும் ஓர் அகதிதான். 1964 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் பிரேசிலைவிட்டுப் போகவேண்டி வந்தவர். ஆளை வெற்றுப் பாத்திரமாக்கி நிரப்பும் கல்வியை வங்கிமுறை என்றார். அந்த 700 பாடவேளையில் வங்கி எவ்வளவு, உரையாடல் எவ்வளவு?

1980களில் அங்கே போன ஈழத்தமிழ் அகதிகளை நினைத்துப் பார்க்கலாம். விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை குறித்த எல்லையைத் தாண்டக்கூடாது என்றது 1982ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நெருக்கடிக்குள்ளிருந்துதான் 'தூண்டில்' போன்ற இதழ்கள் வந்தன. 1988இல் இலக்கியச் சந்திப்பு தொடங்கியது. சாதி, பெண்ணடிமை, இயக்கங்களின் வன்முறை எல்லாம் புலம்பெயர்ந்தோரின் இத்தகைய வெளிகளில் விவாதத்துக்கு வந்தன. எந்த அரசும் இதை முதியோர் கல்வி என்று கணக்கெடுக்காது. சான்றிதழும் கிடையாது. வந்தவர்கள் திருப்தியோடு திரும்பினார்களா என்று கேட்பதே தப்பு. அதிருப்திக்கு ஒரு மொழி கிடைத்தது. அதைப் பேசப் பக்கத்தில் ஆளும் கிடைத்தது.

குடியேறியோருக்கு வகுப்பு வேண்டும் என்று குரல் கொடுப்போம். அந்த வகுப்பில் கேள்வி கேட்கப்போவது யார் என்பதையும் அப்போதே கேட்டுவிடவேண்டும்.