அஞ்சுகிறவன் யாரிடம் போவான்? அயர்லாந்துப் பேய்க்கதைகளும் ஒரு போதகரின் முடிவும்

பேய்க்கதைகளை இறையியல் ஏடொன்றில் ஆராய்வது தகுமா என வாசகர் சிலர் வினவக்கூடும். பேய்க்கதை பொழுதுபோக்கு, இறையியலோ மெய்யறிவு, இரண்டிற்கும் என்ன உறவு என்பது அவ்வினாவின் உட்பொருள். ஆயினும், மரணம், பாவம், மன்னிப்பு, மறுமை ஆகியவற்றைப் பற்றி ஒரு மக்கட்கூட்டம் உண்மையில் என்ன நம்புகிறது என்பதை அறிய அவர்களுடைய விசுவாச அறிக்கைகளை மட்டும் படித்தால் போதாது. இருட்டிய பின் அவர்கள் சொல்லிக்கொள்ளும் கதைகளையும் கேட்க வேண்டும். அவ்வகையில் அயர்லாந்தின் பேய்க்கதை மரபு நம் கவனத்திற்கு உரியது. அம்மரபின் தலைசிறந்த கதைகளுள் சில, சீர்திருத்தத் திருச்சபைப் போதகர்களாலும் போதகர்களின் பிள்ளைகளாலும் எழுதப்பெற்றவை. அவற்றுள் ஒன்றை இங்கு எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னணியாக இரண்டு இடங்களின் கதையையும் சுருக்கமாகக் காண்போம்.

1. மூடப்பட்ட குகை

அயர்லாந்தின் வடமேற்கே டொனகால் மாவட்டத்தில் லாக் டெர்க் என்னும் ஏரி உள்ளது. அதிலுள்ள ஒரு தீவின் குகை ‘புனித பேட்ரிக்கின் உத்தரிக்கும் ஸ்தலம்’ என்று இடைக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்தது. ஓவெயின் என்னும் போர்வீரன் அக்குகையில் ஓர் இரவைக் கழித்து, மறுமையின் வேதனைகளையும் இன்பங்களையும் கண்டு திரும்பினான் என்னும் கதை 12 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீனில் எழுதப்பெற்றுப் பல மொழிகளில் பரவிற்று. 1497 இல் போப்பு ஆறாம் அலெக்சாந்தரின் ஆணையால் குகை மூடப்பட்டது. எனினும் திருப்பயணிகள் வருவது நிற்கவில்லை. 1632 இல் அரசின் ஆணைப்படி அவ்விடம் மீண்டும் அழிக்கப்பட்டது. இம்முறை அதனை முன்னின்று நடத்தியவர், அரசின் ஆதரவு பெற்ற சீர்திருத்தத் திருச்சபையாகிய அயர்லாந்துத் திருச்சபையின் பேராயர் ஒருவர். 1704 ஆம் ஆண்டுச் சட்டம் அங்குச் செல்வோர்க்கு அபராதத்தையும் கசையடியையும் விதித்தது. ஆயினும் வெறுங்காலோடும் பட்டினியோடும் விழிப்போடும் மூன்று நாள் நோற்கும் அத்திருப்பயணம் இன்றும் நடைபெறுகிறது.

உத்தரிக்கும் ஸ்தலம் என்னும் கோட்பாட்டைச் சீர்திருத்தவாதிகள் மறுத்தது வேதத்தின் அடிப்படையிலேயே. அதனை நாமும் ஏற்கிறோம். ஆனால் அக்கோட்பாடு மறைந்தபோது அதனோடு மற்றொன்றும் மறைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மரித்தோரைக் குறித்தும் தன் பாவத்தைக் குறித்தும் அஞ்சுகிற மனிதன், எழுந்து நடந்துபோய் ஏதேனும் செய்வதற்கு ஓர் இடம் இருந்தது. அது மூடப்பட்டது. சூரிச் நகரப் போதகர் லுட்விக் லவாட்டர் 1569 இல் ஆவிகளைப் பற்றி எழுதிய நூலில், மக்கள் காணும் தோற்றங்களுட் பல மனச்சோர்வினாலோ ஏமாற்றினாலோ வருபவை என்றும், எஞ்சியவை தூதர்களின் அல்லது பிசாசுகளின் செயல் என்றும், மரித்தோரின் ஆவிகள் அல்ல என்றும் விளக்கினார். விளக்கம் தெளிவானதுதான். ஆனால் கோட்பாட்டுக்குக் கிடைத்த தெளிவு, நள்ளிரவில் விழித்துக் கிடப்பவனுக்கும் ஆறுதலாய் அமைந்ததா என்பது வேறு வினா.

2. மாளிகையும் பூட்டிய அறையும்

வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில், கடலை நோக்கிய ஹுக் முனையில் லாஃப்டஸ் மாளிகை நிற்கிறது. 18 ஆம் நூற்றாண்டில் ஒரு புயலிரவில் அங்கு அடைக்கலம் புகுந்த அந்நியன் ஒருவன் வீட்டாரோடு சீட்டாடினான் என்றும், கீழே விழுந்த சீட்டை எடுக்கக் குனிந்த அவ்வீட்டு மகள் மேசைக்கடியில் அவனது பிளவுண்ட குளம்பைக் கண்டாள் என்றும், அவன் கூரையைப் பிளந்துகொண்டு மறைந்தான் என்றும் கதை சொல்லப்படுகிறது. அப்பெண் சித்தம் கலங்கி ஓர் அறையில் அடைக்கப்பட்டு அங்கேயே மரித்தாள் என்பர். இன்று நிற்கும் கட்டடம் 1870-களில் புதிதாக எழுப்பப்பட்டது; பழைய வீடு இடிந்தபின்னும் கதை இடியவில்லை. 2010-களில் கட்டணம் செலுத்திப் பேயைத் தேடி வருவோர்க்கு அம்மாளிகை திறந்துவைக்கப்பட்டிருந்தது.

இக்கதையில் பிசாசைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று, அறையில் அடைக்கப்பட்ட பெண். மனநோயுற்ற ஒரு மகளை மறைத்துவைத்த குடும்பத்தின் துயரம், பிசாசின் குளம்புக்குப் பின்னால் ஒளிக்கப்பட்டுள்ளதோ என ஐயுற இடமுண்டு. மற்றொன்று, கதையின் முடிவு. தொல்லை நீங்காதபோது, சீர்திருத்தச் சபையைச் சார்ந்த அக்குடும்பத்தார் தங்கள் குருவானவரால் பயன் காணாமல் அவ்வூர்க் கத்தோலிக்கக் குருவை அழைத்தனர் என்பதாக மரபு கூறுகிறது. கதை சொல்லிய மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆதலால் இதில் ஓர் எள்ளல் இருக்கலாம். ஆயினும் எள்ளலிலும் ஒரு குற்றச்சாட்டு உண்டு: அச்சம் வந்தபோது உங்கள் திருச்சபையில் போவதற்கு ஆள் இல்லை என்பதே அது.

3. குருமனைகளில் பிறந்த இலக்கியம்

இக்குற்றச்சாட்டை மனத்திற்கொண்டு அந்தத் திருச்சபையின் எழுத்தாளர்களை நோக்குவோம். ‘மெல்மத் த வாண்டரர்’ என்னும் அச்சுறுத்தும் நாவலை 1820 இல் வெளியிட்ட சார்ல்ஸ் மச்சூரின், டப்ளின் புனித பேதுரு ஆலயத்தின் உதவிக் குரு. ‘டிராகுலா’வை 1897 இல் எழுதிய பிராம் ஸ்டோக்கரும் அத்திருச்சபையில் வளர்ந்தவரே. தேவதைக் கதைகளையும் ஆவிக் கதைகளையும் தொகுத்து 1888 இல் வெளியிட்ட கவிஞர் யேட்ஸின் பாட்டனாரும் முப்பாட்டனாரும் குருமார்கள். இவர்களுக்கு நடுவே நிற்பவர் ஜோசப் ஷெரிடன் லெ ஃபானு.

லெ ஃபானு 1814 இல் டப்ளினில் பிறந்தார். பிரான்சிலிருந்து துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஹியூகனோ விசுவாசிகளின் வழித்தோன்றல் அவர். தந்தை குருவானவர். 1826 இல் குடும்பம் லிமரிக் மாவட்டத்து ஆபிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்குப் பெரும்பாலான மக்கள் கத்தோலிக்கர். எனினும், தாங்கள் அடியெடுத்தும் வையாத ஆலயத்தின் குருவுக்கு அவர்கள் தசமபாகம் செலுத்த வேண்டியிருந்தது. 1830-களில் அதற்கெதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, குருமனையினர் சுற்றியிருந்தோரின் பகைமையை நேரில் கண்டனர். பின்னர் லெ ஃபானு இதழாசிரியராகவும் நாவலாசிரியராகவும் விளங்கினார். சமய ஐயங்களாலும் மனவேதனையாலும் வருந்திய அவர் மனைவி 1858 இல் மரித்தார். அதன்பின் அவர் மெல்ல மெல்ல வெளியுலகத் தொடர்பைக் குறைத்துக்கொண்டார். 1873 இல் காலமானார்.

4. ‘பச்சைத் தேநீர்’

‘பச்சைத் தேநீர்’ (கிரீன் டீ) என்னும் அவருடைய கதை 1869 இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் வெளிவந்து, 1872 இல் ஒரு தொகுப்பில் இடம்பெற்றது. கதைக்களம் இங்கிலாந்து. போதகர் ஜெனிங்ஸ் செல்வமும் கல்வியும் உடையவர், மணமாகாதவர், சபையாரால் நேசிக்கப்படுகிறவர். பண்டைய மக்களின் சமயச் சிந்தனையைப் பற்றி நூல் எழுத முற்பட்டு, இரவு நெடுநேரம் விழித்திருந்து பச்சைத் தேநீர் அருந்திப் பணியாற்றுகிறார். ஒரு நாள் மாலை குதிரை வண்டியில் பயணம் செய்கையில், இருளில் இரண்டு சிவந்த புள்ளிகளைக் காண்கிறார். அவை ஒரு சிறு கருங்குரங்கின் கண்கள். குடையால் குத்திப் பார்க்கிறார். குடை குரங்கை ஊடுருவிச் செல்கிறது. அன்று முதல் அது அவரை விட்டு முழுமையாய் நீங்கவில்லை.

தொடக்கத்தில் அது வெறுமனே நோக்கிக்கொண்டிருக்கிறது. பின்பு அவர் ஜெபிக்க முயலுந்தோறும் குறுக்கிடுகிறது. ஆலயத்தில் அவர் வாசிக்கையில் திறந்த புத்தகத்தின்மேல் குந்திக்கொண்டு பக்கத்தை மறைக்கிறது. இறுதியில் பேசவும் தொடங்குகிறது, தேவதூஷணம் சொல்கிறது, தம்மைத்தாமே மாய்த்துக்கொள்ளும்படி தூண்டுகிறது. ஆராதனையின் நடுவே திடீரென வாசிப்பை நிறுத்தி, வெளிறிய முகத்தோடும் நடுக்கத்தோடும் அவர் உள்ளறைக்குச் சென்றுவிடுகிறார். சபையாருக்கு விளக்கம் எதுவும் தரப்படுவதில்லை. உடல்நலக் குறைவு என்பதே வெளியில் சொல்லப்படும் காரணம்.

பெயர்பெற்ற மருத்துவர் ஒருவரிடம் சென்று பயன் காணாத ஜெனிங்ஸ், ஹெசெலியுஸ் என்னும் தத்துவ மருத்துவரிடம் அனைத்தையும் கூறுகிறார். குரங்கு மீண்டும் தோன்றினால் எந்நேரமும் தமக்கு ஆளனுப்பலாம் என்று மருத்துவர் வாக்களிக்கிறார். ஆனால் இடையூறின்றி இந்நோயைச் சிந்திக்க விரும்பி, தாம் இருக்குமிடத்தை எவருக்கும் அறிவிக்காமல் ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் தங்கிவிடுகிறார். ஜெனிங்ஸின் கடிதம் வந்து காத்துக் கிடக்கிறது. மருத்துவர் அதைப் படித்து விரைந்து செல்லும்போது போதகர் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கிறார். முடிவுரையில் ஹெசெலியுஸ், தாம் இவ்வகை நோயினர் 57 பேருக்குச் சிகிச்சை செய்ததாகவும், ஜெனிங்ஸுக்குச் சிகிச்சை தொடங்கவேயில்லையாதலால் அவர் தம் நோயாளர் பட்டியலில் சேரார் என்றும் எழுதுகிறார்.

இக்கதையின் கொடூரம் குரங்கில் இல்லை என்பது நம் கருத்து. அது இம்முடிவுரையில் இருக்கிறது. நோயைப் பற்றிய சிந்தனைக்கு நேரம் கண்ட அறிஞர், நோயுற்றவருக்கு நேரம் காணவில்லை. மரணத்தின் பின்னும் தம் கணக்கைச் சரிசெய்வதிலேயே கருத்தாயிருக்கிறார். ஆசிரியர் இவரை வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. பேசவிட்டு ஒதுங்கி நிற்கிறார். வாசகரே தீர்ப்பு வழங்க வேண்டியதாகிறது.

5. இரு விளக்கங்கள்

வரலாற்றறிஞர் ராய் ஃபாஸ்டர் 1989 ஆம் ஆண்டுச் சொற்பொழிவு ஒன்றில், மச்சூரின் முதல் யேட்ஸ் வரையுள்ள இவ்வெழுத்தாளர்களை ஒரே வரிசையில் வைத்து, அதிகாரத்தை இழந்துவந்த சிறுபான்மையினரின் கலக்கம் மாயக் கதைகளாய் வெளிப்பட்டது என்று காட்டினார். இவ்விளக்கத்திற்கு வலுவுண்டு. மக்கள்தொகையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கினரே அயர்லாந்துத் திருச்சபையினர். அதன் அரசுரிமையை நீக்கும் சட்டம் நிறைவேறியதும் இக்கதை வெளிவந்த அதே 1869 ஆம் ஆண்டில்தான். பிறருடைய நிலத்திலும் தசமபாகத்திலும் வாழ்ந்த குருமனையில் உறக்கம் கெடுவது வியப்பன்று. ஆயினும் இவ்விளக்கம் மரபுக்குப் பொருந்தும் அளவுக்கு இக்கதைக்குப் பொருந்தவில்லை. குரங்கு நிலப்பத்திரத்தின்மேல் அமரவில்லை. ஆலயத்தில் திறந்திருக்கும் புத்தகத்தின்மேல் அமர்கிறது. அரசியலாக மட்டும் இதனைப் படிப்போர் அந்தப் புத்தகத்தைக் காணாமற் போகின்றனர்.

மற்றோர் விளக்கம் மருத்துவ நோக்கிலானது: மிகையான உழைப்பு, உறக்கமின்மை, மனச்சோர்வு என்பன. இதனையும் நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் நோய்க்குப் பெயர் சூட்டுவதும் நோயாளியோடு உடனிருப்பதும் ஒன்றல்ல என்பதையே இக்கதை சொல்கிறது.

கதையின் குறையையும் சொல்ல வேண்டும். ஜெனிங்ஸ் ஒரு போதகர். எனினும், கதையில் மற்றொரு போதகர் அவரோடு அமர்ந்து ஜெபிப்பதாய் ஓர் இடமும் இல்லை. உதவிக் குருமார் வருவது ஆராதனையை முடித்துவைக்க மட்டுமே. அவர் பயன்படுத்திய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமே, மனச்சாட்சியில் அமைதி காணாதவன் ஒரு குருவானவரிடம் வந்து தன் துயரத்தைத் திறந்து சொல்லும்படி நற்கருணை அழைப்புரையில் அழைக்கிறது. லூத்தர் தனிப்பட்ட பாவ அறிக்கையைக் கைவிடவில்லை. கால்வினும் கலங்கிய விசுவாசி தன் போதகரிடம் தனியே செல்வதைப் போற்றினார். சீர்திருத்தம் குகையை மூடியபோது இக்கதவைத் திறந்தே வைத்திருந்தது. கதைமாந்தர் அதை மறந்தனர். ஆசிரியரும் அதை நினைவுகூரவில்லை. கிறிஸ்து ஒரு பெயராகவேனும் ஆறுதல் தராத உலகம் இது. இதனை ஆசிரியரின் இறையியல் வறுமை என்பதா, அக்காலத் திருச்சபையின் உண்மையான படம் என்பதா? இரண்டும் என்றே நாம் கூறுவோம்.

6. நம் சபைகளுக்கு

லெ ஃபானு பிறந்த அதே 1814 இல், அதே நாட்டின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர் நம் நாட்டுக்கு வந்த இராபர்ட் கால்டுவெல். 1849 இல் அவர் எழுதிய நூல் நெல்லைச் சீமையின் பேய் வழிபாட்டை விரித்துரைத்தது. அம்மக்களைப் பற்றிய அதன் கூற்றுகள் பின்னர் கடும் எதிர்ப்புக்குள்ளாயின. பேயச்சம் கல்லாத சிற்றூராருக்கு உரியது என்னும் எண்ணம் மிஷனெரி எழுத்துகளின் வழியாக நம் போதகர்களிடமும் வேரூன்றியுள்ளது. கால்டுவெல்லின் தாய்நாட்டில், கற்றோரின் குருமனைகளிலேயே அது குடியிருந்தது என்பதை இக்கதைகள் நினைவூட்டுகின்றன.

உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்ட சீடர்கள் ஓர் ஆவியைக் கண்டதாக எண்ணிக் கலங்கினர் (லூக்கா 24:36-43). அவர் அவர்களுடைய அறியாமையை இகழவில்லை. ஆவிகளைப் பற்றிய விளக்கவுரையோடு நின்றுவிடவுமில்லை. தம் கைகால்களைக் காட்டினார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர்களுக்கு முன்பாக உணவருந்தினார். அச்சத்திற்கு அவர் அளித்த மறுமொழி உடனிருத்தலே.

ஆகவே, அஞ்சி வருகிறவரை ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவதும், ஆரவாரத்தோடு பிசாசை ஓட்டுவதாய்க் காட்டுவதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டிலும் மனிதர் கேட்கப்படுவதில்லை. மருத்துவம் தேவைப்படுவோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அழைத்துச் சென்றபின் நாம் விலகிவிடலாகாது. இவற்றினும் கடினமானது ஒன்றுண்டு. ஜெபிக்க இயலாமற்போன போதகர் யாரிடம் போவார்? நம் பேராயங்களில் அதற்கு விடையுண்டா? குருத்துவக் கல்லூரியில் இறையியல் பயிலும் மாணவர், தம் உள்ளத்தின் இருளை ஓர் உடன் ஊழியரிடம் திறந்து சொல்லும் பழக்கத்தை இப்போதே கற்றுக்கொள்வாராக. மூத்த போதகர்கள், இளையோரிடமிருந்து கடிதம் வருகையில் தாம் இருக்குமிடம் அறியப்பட்டிருக்கும்படி பார்த்துக்கொள்வாராக.