ஆம்ப்ளிஃபயரை எடைபோடும் தட்டு

நாற்பது வருஷமாக வீட்டில் பாட்டுக் கேட்கும் கருவிகளுக்குச் செலவழித்து வருகிறேன். வால்வு ரேடியோ, கேசட் டெக், டர்ன்டேபிள், சிடி பிளேயர் எல்லாம் பிள்ளையார்பாளையத்தில் என் பத்தடிக்குப் பத்தடி அறைக்குள் வந்து போயின. இதில் இசைக்குப் போய்ச் சேர்ந்த பணம் எவ்வளவு, வீணானது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டிய வயது வந்துவிட்டது.

எங்கள் ஊரான காஞ்சிபுரத்தில் இந்தப் பேச்சை நாயனா பிள்ளையிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்த பாடகர், லய மேதை. கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியம் மேடையை நிறைக்க, 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி செய்தவர். அவர் தாயின் சகோதரி தனகோடி அம்மாள் கிராமபோனுக்குப் பாடியிருக்கிறார், இவர் சம்மதிக்கவில்லை. அன்றைய பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான். அதில் எந்தப் பல்லவி அடங்கும்? எங்கள் ஊரில் கோர்வை என்ற சொல் இரண்டு இடத்தில் புழங்கும். சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து ஒன்றோடொன்று கோப்பது ஒன்று. சொற்கட்டு சுற்றிச் சுற்றி வந்து எடுப்பில் பிசகாமல் விழுவது இன்னொன்று. தறியிலிருந்து மூன்று அங்குலத்தை வெட்டிக் காட்டி இதுதான் சேலை என்றால் எந்த நெசவாளியும் ஒப்பமாட்டான். அந்த அளவில் அவர் மறுப்பு நியாயமானது.

ஆனால் அவரிடம் பயின்ற பிருந்தா, முக்தா சகோதரிகளின் பாட்டி வீணை தனம்மாள் 1932-இல் தட்டுக்கு வாசித்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னையில் தன் வீட்டில், மைக் இல்லாமல், பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வாசித்த கை அது. ஓர் அறைக்கென்றே பிறந்த இசை. வீட்டுக் கருவிக்கு இதைவிடக் கடுமையான சோதனை எனக்குத் தெரியாது. தட்டு முழுக்க இரைச்சல். மலிவான ஸ்பீக்கரில் அந்த இரைச்சலும் நாதமும் ஒரே கூழாகிவிடும். நல்ல ஸ்பீக்கரில் இரைச்சல் ஓர் ஓரமாக ஒதுங்கும். ஒரு மீட்டு முடிந்த பிறகும் விரல் தந்தியை இழுத்து அடுத்த சுரத்துக்குக் கொண்டுபோவது தெரியும். காசு கொடுத்து வாங்கத் தகுந்தது நாதத்தின் அந்த வால் மட்டுமே. கடைக்காரர்கள் போட்டுக் காட்டும் பளபளப்பான பதிவில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் பாடும்.

மொபைலே போதும் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி எழும்பாது. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடப்பக்கத் தொப்பியில் கொடுக்கும் கும்கி அதில் காணாமல் போகும். பாதி மிருதங்கத்தைத்தான் கேட்கிறீர்கள்.

அறையின் கதை வேறு. சிமெண்ட் தரை, வெறும் சுவர். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்கள் 56 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைப் பெருக்கி, குடத்துக்குள் பேசுவது போல ஆக்கிவிடும். இரண்டு வருஷம் ஆம்ப்ளிஃபயரைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன், மூலைகளில் பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினேன், பின்சுவரில் பழைய ஜமக்காளத்தைத் தொங்கவிட்டேன். மிருதங்கம் மீண்டது. அடுத்த அறையில் தறி ஓடும்போது தரை அதிர்ந்து ஊசி தாவும். டர்ன்டேபிளைச் சுவரில் அடித்த பலகைக்கு மாற்றியதும் அதுவும் நின்றது. செலவு என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. பெட்டியை மாற்றிக் கிடைத்த எந்த முன்னேற்றமும் இதற்கு ஈடாகவில்லை.

கேபிள் விஷயத்தில் நான் ஏமாந்ததை மறைக்கமாட்டேன். பேரனை ஸ்பீக்கருக்குப் பின்னால் நிறுத்தி, எனக்குச் சொல்லாமல் விலையுயர்ந்த கேபிளையும் சாதாரணச் செப்புக் கம்பியையும் மாற்றி மாற்றிப் பூட்டச் சொன்னேன். இருபது முறையில் பதினொன்று சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டினாலும் கிட்டத்தட்ட அதுதான் வரும். பத்தடி தூரத்துக்குத் தடிமனான செப்புக் கம்பி போதும். சிடியைத் தாண்டிய நுட்பங்களும் அப்படியே: நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற அதன் கணக்கு மனிதக் காது எட்டும் 20,000 ஹெர்ட்ஸையும் தாண்டி எடுக்கிறது. வயதான காதுக்கு அதிலேயே மேல்பகுதி கேட்காது.

ஆகவே என் தீர்ப்பு: கையில் இருப்பதில் பாதியை ஸ்பீக்கருக்கும், அடுத்த பங்கை நல்ல ஊசிக்கும் கொடுங்கள். ஆம்ப்ளிஃபயர் அந்த ஸ்பீக்கரைத் திணறாமல் ஓட்டினால் போதும். விலையுயர்ந்த கேபிளுக்கும் சிடிக்கு மேலான எண்களுக்கும் ஒரு ரூபாயும் வேண்டாம். வாங்கும் முன் உங்களால் விடமுடியாத மிக மோசமான பதிவை எடுத்துப்போய்ப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும் எல்பி தட்டு 1948-இல்தான் வந்தது. நாயனா பிள்ளை போய்ப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. நான் வாங்கிய எந்தக் கருவியாலும் அவர் குரலைத் தர முடியவில்லை. அவரிடம் பயின்ற பிருந்தாவின் பதிவைப் போட்டுவிட்டு, அதில் காலப்பிரமாணம் சற்றும் அசையாத இடங்களில் காதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.