எழுந்து நடப்பதும் வேலைக்குத் திரும்புவதும்

உடல் வடிவத்தைத் திருத்தும் அழகியல் அறுவைகளில், அறுவை முடிந்த அன்றே ஒருவரை எழுப்பி நடக்கவைத்து, அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பி, சில நாட்களிலேயே வேலைக்குப் போகலாம் என்று சொல்லும் விரைவு மீட்பு முறை கடந்த கால் நூற்றாண்டில் வேரூன்றிவிட்டது. இதை வெறும் வணிக உத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் பெருங்குடல் அறுவைக்காக வகுத்த கோட்பாடே இதன் மூலம். நீண்ட பட்டினி, படுக்கை ஓய்வு, தேவையின்றி வைக்கப்படும் குழாய்கள், அபின்வகை வலிமருந்துகள் ஆகியவை உடலைக் காப்பதைவிடத் தளர்த்துவதே அதிகம் என்று அவர் காட்டினார். நோயைக் குணப்படுத்தும் அறுவைக்கு எழுந்த அந்தச் சிந்தனை, நோயற்ற உடலின் மேல் செய்யப்படும் அறுவைக்கு வந்தபோது எதைப் பெற்றது, எதை இழந்தது என்பது இங்கே ஆராயத்தக்கது.

அழகியல் துறையில் இம்முறைக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களுள் டல்லஸ் நகரின் ஜான் டெபெட்ஸ் முதன்மையானவர். மார்பகப் பெருக்க அறுவைக்கு ஆட்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் 24 மணி நேரத்துக்குள் வழக்கமான செயல்களுக்குத் திரும்ப முடியும் என்று அவர் 2002-இல் எழுதினார். அவர் கண்ட வழி மருந்தைக் கூட்டுவதன்று, காயத்தைக் குறைப்பது. திசுவை விரலால் நெம்பிப் பிரிக்காமல், இரத்தக் குழாய்களைக் கசியுமுன்பே அடைத்து, விலா எலும்பைப் போர்த்திய மெல்லிய படலத்தை உரசாமல் செய்தால், வலிப்பதற்கே காரணம் குறைந்துவிடுகிறது. அன்று மாலையே குளிக்கவும், கைகளைத் தலைக்கு மேல் தூக்கவும், வெளியே போய்வரவும் அவர் அறிவுறுத்தினார். அறுவை மருத்துவரின் கைநயமே மீட்பின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்ற இந்தப் பாடம், விரைவு மீட்பு முறை மருத்துவத்துக்குத் தந்த மிகச் சிறந்த கொடை எனலாம்.

ஆனால் அந்த 24 மணி நேரம் ஓர் அறுவைக்குரியது. எல்லா அறுவைக்கும் அதை நீட்ட இயலாது. வயிற்றுச் சீரமைப்பு அறுவையை எடுத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும். இதில் அடிவயிற்றின் குறுக்கே இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கீறி, தோலையும் கொழுப்பையும் மேல்நோக்கி விலா விளிம்பு வரை பிரித்தெடுப்பர். மகப்பேற்றிலோ உடற்பருமனிலோ விலகிப்போன நேர்த்தசைகளை நடுக்கோட்டில் இழுத்துச் சேர்த்துத் தைப்பர். மிகுதித் தோலை வெட்டி நீக்கி, தொப்புளுக்குப் புதிய இடம் அமைத்து மூடுவர். பிரித்தெடுக்கப்பட்ட பரப்பு பெரிது. இழுத்துத் தைத்த தோல் பிரியாதிருக்க முதல் சில நாட்கள் கூனி நடக்க வேண்டும்; முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துச் சாய்ந்தே உறங்க வேண்டும். தோலுக்கும் தசைக்கும் நடுவே வெளிர்மஞ்சள் நீர் கோத்துக்கொள்வது இவ்வறுவையின் மாறாத தொல்லை. அதை வெளியேற்ற வைக்கும் வடிகுழாயின் நுனியில் தொங்கும் சிறு குமிழை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை அழுத்திக் காலிசெய்து, எத்தனை மில்லிலிட்டர் என்று எழுதிவைத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கியபின் குழாயை எடுப்பது வழக்கம். துப்பட்டாவுக்குள் அந்தக் குமிழை மறைத்துக்கொண்டு ஓர் அலுவலக நாளைக் கழிப்பது நினைத்துப் பார்க்கவும் கடினம்.

இங்கும் விரைவு மீட்பு முறை நல்ல விடைகளைத் தேடித் தந்துள்ளது. தோலை இழுத்து வரும்போதே படிப்படியாகத் தசையுறையோடு சேர்த்துத் தைத்துவிட்டால் நீர் தேங்க இடமே இராது என்பதை அதே டல்லஸைச் சேர்ந்த ஹார்லன் பொல்லாக்கும் டாட் பொல்லாக்கும் 2000-இல் விளக்கினர். வடிகுழாயே இல்லாத அறுவைக்கு அது வழிவகுத்தது. வயிற்றுச் சுவர்த் தசைகளுக்கு இடையே ஓடும் நரம்புகளுக்கு மரப்பு மருந்து செலுத்தினால் அபின்வகை மருந்துகளின் தேவை குறைகிறது. அதனால் வாந்தியும் மலச்சிக்கலும் குறைந்து, புதிதாகத் தைத்த தசையின் மேல் விழும் முக்கலின் சுமையும் குறைகிறது. ஒவ்வொன்றும் உண்மையான ஆறுதல். இவற்றைக் குறைகூற எதுவுமில்லை.

குறை தொடங்குவது, நடமாட முடிவதை வேலை செய்ய முடிவதாக எண்ணிக்கொள்ளும் இடத்தில். வலி அடங்கியது நரம்பைப் பற்றிய செய்தி; திசு ஒட்டியதற்கு அது சான்றன்று. ஆறும் காயத்தின் இழுவலிமை மூன்றாம் வாரத்தில் இயல்பான திசுவின் ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே இருக்கிறது என்பதும், மாதங்கள் கடந்தபின்னும் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவதில்லை என்பதும் காயம் ஆறுதல் பற்றிய பாடநூல்கள் தரும் கணக்கு. ஆகவேதான் வயிற்றுச் சீரமைப்புக்குப் பின் ஆறு வாரம் நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இந்த அறிவுரை மருத்துவமனைச் சீட்டில் ஒரே வரியாக முடிந்துவிடுகிறது; வீட்டிலோ அது நாள் முழுதும் மீறப்படுகிறது. குடிநீர் கேன் ஒன்று 20 கிலோ. இரண்டு வயதுக் குழந்தை பத்துப் பன்னிரண்டு கிலோ. மகப்பேற்றுக்குப்பின் வயிற்றைச் சீரமைத்துக்கொள்ளும் பெண்ணின் இடுப்பில் ஏற அழுகின்ற குழந்தை எத்தனை கிலோ என்று எந்த மருத்துவரும் கேட்பதாகத் தெரியவில்லை. அலுவலகம் போகும் நாளை மட்டுமே மீட்பின் அளவுகோலாக வைத்தால், சம்பளமில்லாத வேலை கணக்கிலேயே வராது. இம்முறையின் ஆகப் பெரிய குருட்டுப்புள்ளி இதுதான்.

‘இலகுவான வேலை’ என்ற சொல்வழக்கும் ஆராயாமல் ஏற்கப்பட்டுவிட்டது. மேசை வேலைக்கு இரண்டு வாரம், உடலுழைப்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் என்பது எங்கும் கேட்கும் கணக்கு. வயிற்றுத் தசைக்கு மேசை வேலை இலகுதான். கால் சிரைகளுக்கு அப்படியன்று. அழகியல் அறுவைகளுள் கால் சிரைகளில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லும் இடர் மிகுந்தது வயிற்றுச் சீரமைப்பே. அந்த இடர் வீடு திரும்பியபின்னும் சில வாரம் நீடிக்கிறது. வயது, உடல் எடை, கருத்தடை மாத்திரை, அறுவை நீடித்த நேரம் முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டு இடரைக் கணிக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜோசப் கப்ரினி வகுத்திருக்கிறார்; ஆயினும் எட்டு மணி நேர நாற்காலியும் ஒன்றரை மணி நேரப் பேருந்தும் அதில் இடம்பெறவில்லை. எழுந்து நடப்பதே காப்பு என்று தொடங்கிய முறை, ஒருவரை அசையாமல் உட்காரும் வேலைக்கு விரைந்து அனுப்புவது தன் கொள்கைக்கே மாறானது. சென்னை வெயிலில் இறுக்கமான அழுத்த ஆடையோடு அமர்ந்திருப்பவருக்கு மாலைக்குள் வயிறு வீங்கிக் கனப்பது மட்டும் வெளியே தெரிகிறது. கெண்டைக்கால் வலியை அவர் உட்கார்ந்த அலுப்பு என்று தள்ளிவிடக் கூடும்.

இந்த அவசரத்துக்கு மருத்துவத்தை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமாகாது. அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டுக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தகுதியுள்ள ஊழியருக்கு 12 வாரம் வரை ஊதியமில்லாத, ஆனால் வேலை பறிபோகாத விடுப்பு அளிக்கிறது. அதன் விதிகளோ, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றாலோ சிக்கல் நேர்ந்தாலோ ஒழிய அழகியல் சிகிச்சையைக் கடும் உடல்நலக் குறைவாகக் கொள்வதில்லை. அன்றே வீட்டுக்கு அனுப்பும் மருத்துவத் திறமை, அந்த ஊழியரின் விடுப்பு உரிமையை இவ்வாறு பறித்துவிடுகிறது. உடல் கெட்டால்தான் ஓய்வு கிடைக்கும் என்ற நிலை வந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நோய்க்காக ஆண்டுக்கு 12 நாள் வரை விடுப்புத் தருகிறது. இரண்டு வாரத்தில் மேசைக்குத் திரும்பலாம் என்ற மருத்துவ அறிவுரை, திசுவின் நாட்காட்டியைவிட இத்தகைய விடுப்புக் கணக்குகளோடுதான் நன்றாகப் பொருந்துகிறது. இந்தியாவில் விபத்து, தீக்காயம், புற்றுநோய் போன்றவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்பைத் தவிர்த்த அழகியல் அறுவையை மருத்துவக் காப்பீடும் ஏற்பதில்லை. கைப்பணம் போட்டவருக்கு ஊதிய இழப்பைத் தாங்கும் வலு மேலும் குறைவு.

இதோடு மறைப்பும் சேர்கிறது. அழகுக்காகச் செய்துகொண்டது என்று தெரிந்தால் அலுவலகத்தில் இரக்கம் கிடைக்காது, பேச்சுதான் கிடைக்கும் என்று அஞ்சி, குடலிறக்க அறுவை என்றோ ஊரில் விசேஷம் என்றோ சொல்லிப் போகிறவர்கள் உண்டு. ஊர் விசேஷத்திலிருந்து திரும்பியவர் கோப்புக் கட்டைத் தூக்க முடியாது என்று எப்படிச் சொல்வார்? மின்தூக்கி பழுதான நாளில் நான்கு மாடி ஏற மறுப்பது எவ்வாறு? காரணத்தை மறைத்தவர் சலுகையையும் கேட்க முடியாமல் போகிறார். அந்த அச்சத்தைப் போக்குவது அறுவை மருத்துவரின் கையில் இல்லை. ஆனால் வேலைக்குத் திரும்புவதற்கான மருத்துவச் சான்றிதழ் அவர் கையில்தான் இருக்கிறது. இங்கு வழங்கும் சான்றுகளுக்குத் தகுதி, தகுதியின்மை என்ற இரண்டு நிலைகளே தெரியும். பிரிட்டனில் 2010 முதல் நடப்பில் உள்ள படிவத்தில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலை உண்டு: சில ஏற்பாடுகளோடு வேலை செய்யத் தக்கவராகலாம் என்பது. படிப்படியாகத் திரும்புதல், மாற்றிய நேரம், மாற்றிய பணிகள், பணியிட வசதி என்ற நான்கில் பொருந்துவதை மருத்துவர் குறிக்கிறார். அறுவைக்கு நாள் குறிக்கும்போதே வேலையின் தன்மையையும் வீட்டுச் சுமையையும் கேட்டறிந்து, அறுவையின் பெயரைச் சொல்லாமல், ஆறு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கலாகாது, மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும் என்று மட்டும் எழுதித் தரும் அத்தகைய சான்றுக்குப் புதிய கருவியோ புதிய மருந்தோ தேவையில்லை. கலந்தாய்வில் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவிட்டால் போதும்.