யார் யாருக்கு எடுத்துக் கொடுப்பது?

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜோன் ஹோப் பிராங்கிளின் (1915–2009) தமது தொண்ணூறாவது வயதில், 2005ஆம் ஆண்டில், 'மிரர் டு அமெரிக்கா' என்னும் சுயசரிதையை வெளியிட்டார். அதில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. 1995இல் அந்நாட்டுச் சனாதிபதியின் சுதந்திரப் பதக்கத்தைப் பெறுவதற்கு முதல்நாள் மாலை, வாஷிங்டனிலுள்ள கொஸ்மொஸ் கழகத்தில் அவர் நண்பர்களுக்கு விருந்தளித்தார். அவரும் அக்கழகத்தின் அங்கத்தவரே. ஆங்கே வெள்ளையினப் பெண்மணி ஒருவர் அவரை அழைத்து, மேலங்கிக்கான அடையாளச் சீட்டை நீட்டி, அங்கியைக் கொண்டுவருமாறு பணித்தார்.

இதனை எடுத்துரைப்போர் பெரும்பாலும், 'எத்துணைப் பெரிய அறிஞர்! அவரையா ஏவலாளென எண்ணுவது?' என்று அங்கலாய்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். இந்த அங்கலாய்ப்பை நாம் ஐயத்துடனேயே நோக்குகிறோம். அறிஞர் என்பதாலேதான் அது அவமதிப்பாயிற்று எனின், உண்மையான ஊழியன் ஒருவனை அவ்வாறு ஏவுவது முறையே என்றாகிவிடுமன்றோ?

அப்பெண்மணியின் தவறு கண்ணின் தவறன்று. கழகத்தின் ஊழியர் அனைவரும் சீருடை அணிந்திருந்தனர், பிராங்கிளின் அணிந்திருக்கவில்லை. தோலே அவருக்குச் சீருடையாகத் தோன்றிற்று. (பெண்களை அக்கழகம் அங்கத்தவராக ஏற்றதே 1988இல்தான் என்பதையும் வாசகர் மனங்கொள்க.)

இதனினும் பொருள் பொதிந்த நிகழ்ச்சியொன்று அவரது இளமைக் காலத்தில் உண்டு. 1939இல், ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியின் பொருட்டு, வடகரோலினா மாநிலச் சுவடிக்கூடத்துக்கு அவர் சென்றார். கறுப்பர் ஒருவர் ஆராய்ச்சிக்கு வருவாரெனக் கட்டடத்தை அமைத்தோர் எதிர்பார்க்கவில்லை என்றார் பணிப்பாளர். சில நாட்களில் தனியறை ஒன்று ஒழுங்கு செய்யப்பட்டது. சுவடிகள் இருந்த களஞ்சியத்தின் திறவுகோலும் அவர் கையிற் கொடுக்கப்பட்டது. ஏன்? வெள்ளையரான ஊழியர் கறுப்பருக்குச் சுவடி எடுத்துக் கொடுக்கும்படி நேர்ந்துவிடக் கூடாதே! இதனைச் சலுகையெனக் கண்ட வெள்ளை ஆராய்ச்சியாளர், தமக்குப் பாரபட்சம் காட்டப்படுவதாக முறையிட்டனர். இரு வாரங்களில் திறவுகோல் திரும்பப் பெறப்பட்டது.

ஆக, 1939இல் வெள்ளையர் கறுப்பருக்கு எடுத்துக் கொடுத்தல் ஆகாது. 1995இல் கறுப்பர் வெள்ளையருக்கு எடுத்துக் கொடுத்தே ஆகவேண்டும். இடையில் 1954இன் பாடசாலைத் தீர்ப்பு வந்தது. அவ்வழக்குக்கு வரலாற்றுச் சான்று தேடிக் கொடுத்தோருள் பிராங்கிளினும் ஒருவர். 1964இன் குடியியல் உரிமைச் சட்டமும் வந்தது. கதவுகள் திறந்தன. ஆனால் ஏவலுக்குரியோர் யார் என்னும் எண்ணம் அடிமை முறையிலும், அதன் பின்னர் கறுப்பினத்தவரை வீட்டுவேலைக்கும் சுமைகூலிக்கும் ஒதுக்கிய உழைப்புப் பிரிவினையிலும் வேரோடியது. தீர்ப்பும் சட்டமும் அவ்வேர்வரை செல்லவில்லை.

சீருடை அணிந்த ஊழியர் ஒருவரிடம் சீட்டைக் கொடுத்தால் அங்கி கிடைக்கக்கூடும் என்பதே பெண்மணிக்கு நூலாசிரியர் அளித்த மறுமொழி. கண்ணியமான மறுமொழிதான். எனினும் அது ஏவலை வேறொருவர் தோளுக்கு மாற்றுகின்றது. ஏவும் குரலைத் தொடவில்லை. எண்பது வயதில் அவமதிக்கப்பட்ட ஒருவரிடம் அக்கணத்தில் இதற்கு மேல் எதிர்பார்த்தல் நியாயமன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஒக்லஹோமாவில், ஹோட்டலொன்றிலே கார்ச் சாவியை நீட்டிய வெள்ளையருக்கு அவர் இறுத்த விடையே எமக்கு அதிகம் உவப்பானது. தாமும் அங்கு தங்கியிருக்கும் விருந்தினரே, கார் நிற்குமிடம் தமக்குத் தெரியாது என்று பொறுமையாக விளக்கிய பின்னர், எவ்வாறாயினும் தாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாகவும் கூறினாராம்.