கேட்டதெல்லாம் தருவது தரமாகாது

வாங்குவோர் விரும்புவதையெல்லாம் ஒரே கருவிக்குள் அடக்குவதா, சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பழுதில்லாமல் செய்து கொடுப்பதா? கையடக்கக் கணினியைச் செய்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைச் சந்தித்தார்கள். 1990களில் வந்த ஆப்பிளின் நியூட்டனும் பாமின் பைலட்டும் அதற்கு எதிரெதிரான விடைகளைத் தந்தன. இரண்டையும் எடைபோட்டால் வடிவமைப்பாளரின் கடமை எதுவரை என்பது தெளிவாகும்.

ஆப்பிளின் தலைவர் ஜான் ஸ்கல்லி 1992லேயே நியூட்டனைப் பற்றி உலகறியப் பேசிவிட்டார். அவரவர் கையெழுத்தில் எழுதினால் கருவி படித்துக்கொள்ளும் என்பது அதன் தலையாய வாக்குறுதி. 1993 ஆகஸ்டில் 699 டாலருக்கு விற்பனைக்கு வந்த கருவியோ எழுதிய சொற்களை வேறு சொற்களாகப் படித்தது. அதே மாதம் டூன்ஸ்பரி என்ற பத்திரிகைச் சித்திரத்தொடர் அதைக் கேலி செய்தது. அந்தக் கெட்ட பெயர் கடைசிவரை நியூட்டனை விட்டு நீங்கவில்லை. மக்கள் கேட்பதற்கு முன்பே ஆசையைக் கிளப்பிவிட்டு, அந்த ஆசைக்கு ஈடுகொடுக்க முடியாத பொருளைக் கையில் கொடுத்தது நிறுவனத்தின் குற்றம்.

பாம் நிறுவனத்தை நிறுவிய ஜெஃப் ஹாக்கின்ஸும் முதலில் இதே தவற்றைத்தான் செய்தார். கேசியோ, டேண்டி முதலிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து 1993இல் கொண்டுவந்த ஸூமர், ஆளுக்கொன்றாகச் சேர்த்த வசதிகளின் சுமையால் மந்தமாக இயங்கித் தோற்றது. அதன்பின் அவர் வந்த முடிவு முக்கியமானது: இந்தக் கருவி மேசைக் கணினியின் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை, அதற்குத் துணையாக நின்றால் போதும், அது வெல்ல வேண்டிய எதிரி காகித நாட்குறிப்பு.

சட்டைப்பைக்குள் அடங்கும் மரத்துண்டு ஒன்றைக் கூடவே வைத்துக்கொண்டு, அதையே கருவியாகப் பாவித்துப் பார்த்துத்தான் ஹாக்கின்ஸ் பைலட்டின் அளவை முடிவு செய்தார். 1996இல் அது 299 டாலருக்கு வந்தது. நாட்காட்டி, முகவரிகள், செய்யவேண்டியவை, குறிப்புகள் ஆகியவற்றையே முதன்மையாக வைத்தார்கள். வண்ணத் திரை இல்லை. கம்பியில்லாத் தொடர்பும் இல்லை. சிறிய பேட்டரிகள் இரண்டு பல வாரங்கள் தாங்கின. தாங்கியில் நிறுத்தி ஒரு பொத்தானை அழுத்தினால் விவரங்கள் மேசைக் கணினியோடு ஒத்துப்போயின. எல்லாவற்றிலும் துணிச்சலான முடிவு கிராஃபிட்டி. ஒவ்வொரு எழுத்துக்கும் எளிய கோட்டுருவம் ஒன்றை வகுத்து, அதைப் பயனர்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றது பாம். யாரும் கேட்காத நிபந்தனை அது. ஆனால் எழுதியது எழுதியபடி பதிவானதால் மக்கள் மகிழ்ந்து கற்றார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் பத்து லட்சம் கருவிகள் விற்றன.

இந்த வெற்றிக்கு விலைதான் காரணம் என்று வாதிடலாம். விலைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அந்த விலை, வேண்டாம் என்று விட்டவற்றால் கிடைத்தது. மூன்றாண்டுத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்ற வாதமும் போதாது. நியூட்டனின் சிப் 20 மெகாஹெர்ட்ஸ், பைலட்டினுடையது 16. அப்படியிருந்தும் பைலட்டே சட்டென்று பதில் தந்தது. கனமான மறுப்பு வேறு: பிந்தைய நியூட்டன்கள் உண்மையிலேயே நல்ல கருவிகள். 1997இல் வந்த மெசேஜ்பேட் 2000, அச்செழுத்துப்போல எழுதியதை நன்றாகவே படித்தது. ஆனால் நம்பிக்கை அதற்கு முன்பே போய்விட்டது. 1998 பிப்ரவரியில் ஆப்பிள் நியூட்டனைக் கைவிட்டது. பிந்தி வந்த தரத்தால் முதல் நாளின் குறையை ஈடுசெய்ய முடியவில்லை.

பைலட்டின் வழியையும் விமர்சிக்காமல் விட முடியாது. இணையமும் தொலைபேசியும் கைக்குள் வந்த பிறகு மக்களின் தேவை உண்மையாகவே மாறியது. எளிமைக்காகக் கட்டப்பட்ட பாமின் இயங்குதளம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அதற்கு மாற்றாக 2004இல் உருவான கோபால்ட் எந்தக் கருவியிலும் விற்பனைக்கு வரவில்லை. 1996இல் மறுத்தவற்றை அன்று நன்றாகச் செய்ய இயலாது என்பதே மறுப்புக்கு நியாயம். இயலும் காலம் வந்தபோது அந்த நியாயமும் காலாவதியானது. முதலில் விட்டதை இயலும் காலம் வந்ததும் சேர்க்கும் வழிக்கு 2007இல் வந்த முதல் ஐஃபோன் நல்ல சான்று. வெளியார் செயலிகளை ஏற்கும் வசதி அதில் 2008இலும், வெட்டி ஒட்டும் வசதி 2009இலும்தான் வந்தன. இருந்த வசதிகள் நன்றாக இயங்கியதால் மக்கள் காத்திருந்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பு பைலட்டின் பக்கம், ஒரு நிபந்தனையோடு. எந்தத் திசையில் போவது என்பதை வாங்குவோரின் விருப்பம் சொல்லட்டும். எதை, எப்போது கடைக்கு அனுப்புவது என்பதைத் தரமே சொல்ல வேண்டும். விட்டுவைத்தவற்றை ஆண்டுதோறும் மறுபடி ஆராய வேண்டும். நியூட்டன் திசையைச் சரியாகக் கண்டும் நாளைத் தவறவிட்டது. பாம் நாளைச் சரியாகக் கணித்தும் பின்னர் திசையைத் தவறவிட்டது. இவற்றில் முதல் பிழையே பெரியது. நம்பி முதலில் வாங்கியவரின் பணத்தில் சோதனை நடத்த எந்த நிறுவனத்துக்கும் உரிமை கிடையாது.